ஆறுக்கு மூன்று

அளவெடுக்காமலேயே தெரிந்துவிட்டது அவளுக்கு. ஆறுக்கு மூன்று. இருபது வருடமாக மகளின் கட்டிலுக்கு அந்த அளவில்தான் விரிப்பு தைத்துப் போட்டிருக்கிறாள். தையற்காரியின் கண்ணுக்கு டேப் எதற்கு? மகளின் அறை நடுவே, மார்பு உயரத்துக்கு நான்கு கால்களில் நின்றது அந்தப் பலகை. அடியில் குனிந்து பார்த்தாள். பள்ளிக்கூட நாளில் மகள் காம்பஸ் முனையால் கட்டிலில் கீறிய பூனை, ஓரச் சட்டத்தில் தலைகீழாகக் கிடந்தது.

தங்கையின் அறுவை சிகிச்சைக்குத் துணையாகப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தாள். அந்தப் பத்து நாளில் கணவர் கட்டிலை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிவிட்டார். லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளாகப் பொம்மை ரயில் ஓட்ட ஒரு மேடை, ஒரு மேடை என்று அனத்திக்கொண்டிருந்த மனிதர். மகள் புருஷன் வீட்டை விட்டு வருகிறாள், இனித் திரும்பிப் போகமாட்டாள் என்று நேற்றே இவள் அவரிடம் போனில் சொல்லியிருந்தாள். சரி என்றார். அந்தச் சரிக்குப் பிறகுதான், இன்று விடிந்ததும், சட்டத்தின் மேல் பிளைவுட்டை ஒட்டியிருக்கிறார்.

கட்டில் எங்கே என்று கேட்டதற்கு அவருக்குப் பெருமைதான் பொங்கியது. அடிக்கு ஒரு குறுக்குச் சட்டமாம். இல்லாவிட்டால் பலகை தொய்ந்து தண்டவாளம் கோணிவிடுமாம். பழைய மரம், நாலு பேர் ஏறிப் படுத்தாலும் தாங்குமாம்.

"அவ எங்க படுப்பா?"

"ஹால்ல படுக்கட்டும். பசை காய ரெண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் இத அசைக்கக் கூடாது." பிறகு, போகிற போக்கில், "என்னக் கேட்டுக்கிட்டா கிளம்பி வர்றா?" என்றார்.

மூன்று வருடமாக மகள் போனில் அழும்போதெல்லாம் அனுசரித்துப் போகச் சொல் என்றவர் இவர். அதை அப்படியே மகளிடம் ஒப்பித்தவள் தானே என்பது அவளை இன்னும் சுட்டது. ரயிலுக்கு மேடு பள்ளம் ஆகாதாம். பெண்ணுக்கு ஆகுமாம்.

தையல் மெஷின் டிராயரிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து வந்து, நான்கு கால்களிலும் முழங்கால் உயரத்தில் கோடு போட்டாள். அவருடைய ரம்பத்தையே எடுத்து, மண்டியிட்டு அறுக்க ஆரம்பித்தாள். பாதியில் விட்டுவிடுவாள் என்று அவர் சிரித்தார். முதல் கால் துண்டாகி விழுந்ததும் ஓடி வந்து அந்த மூலையைத் தாங்கினார்.

"அடியே, பைத்தியமா உனக்கு? இன்னும் ஸ்க்ரூ முடுக்கல. சரிஞ்சா பிளைவுட் வழுக்கிடும்."

"அப்ப நல்லாப் புடிங்க."

அதே பக்கத்து இரண்டாவது காலும் விழுந்தது. பாரம் மொத்தமும் அவர் கைக்கு வந்தது. அவர் ஏதேதோ திட்டினார், ஆனால் கையை எடுக்கவில்லை. பெண்ணை விட்ட கை பலகையை விடுமா?

அழைப்பு மணி அடித்தது. ரம்பத்தோடேயே போய்க் கதவைத் திறந்தாள். மகள் ஒற்றைப் பையோடு நின்றாள். ரம்பத்தைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"உன் கட்டிலப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. நீ உக்காரு, தண்ணி தர்றேன்."

கை மரத்துப்போச்சு, சீக்கிரம் வா என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவள் அவசரப்படவில்லை. மகள் கை நீட்டி, அம்மாவின் தலைமுடியில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். இன்னும் இரண்டு கால் பாக்கி இருந்தது.