வீட்டில் எத்தனை பேர்

மார்ச் மாதம் புகைபோக்கியைப் பரிசோதிக்க வந்தவர் அப்போதே சொல்லிவிட்டார். கறுப்பு உடுப்பு அணிந்த அந்த மனிதர், நிலவறையில் நின்ற பழைய எரிவாயுக் கொதிகலனின் புகைக்குழாய்க்குள் ஒரு கம்பியை நுழைத்து, கையிலிருந்த கருவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வீட்டைச் சூடாக்க வேண்டிய வெப்பம் அளவுக்கு மீறி வெளியே போகிறது, 2004 நவம்பர் முதலாம் தேதிக்குப் பிறகு இதை எரிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

றெக்ஸ் அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார். செப்டெம்பர் வரை அது அங்கேயே கிடந்தது.

அவர் சோம்பேறி இல்லை. பிராங்பேர்ட் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் சமையல் கூடத்தில் பதினேழு வருடமாக வேலை செய்கிறார். காலை ஐந்து மணி வேலைக்கு ஒரு நாளும் பிந்தியதில்லை. ஆனால் வீட்டு விஷயங்களில் முடிவெடுத்துப் பழகியவர் அவருடைய மனைவி யோசப்பின். கெல்ஸ்டர்பாக்கில் இந்த வீட்டை வாங்கலாம் என்று சொன்னதும், எந்த அறைக்கு எந்த நிறம் பூசுவது என்று சொன்னதும் அவள்தான். ஜெர்மன் கடிதங்களை மூத்த மகள் எவ்லின் வாசித்துச் சொல்வாள். இப்போது அந்த இரண்டு பேரும், இளையவள் லிசாவும் லண்டனில் இருந்தார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் யோசப்பின் அவர்களைக் கூட்டிக்கொண்டு தன் தமக்கை வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோயிருந்தாள். ஒரு வருடம் பார்ப்போம் என்றுதான் போனார்கள். அந்த ஒரு வருடம் எப்போது முடிந்தது என்பதை யாரும் பேசிக்கொள்ளவில்லை.

செப்டெம்பரில் ஒரு நாள் காலை குளிர் தெரிந்தது. றெக்ஸ் தாளை எடுத்துத் தூசி தட்டி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை வாசித்தார். பிறகு தொலைபேசிப் புத்தகத்தைத் திறந்தார்.

அதே கெடு பலருக்கும் இருந்தது. முதலில் பேசிய நிறுவனத்தில் ஜனவரிக்கு முன்னால் முடியாது என்றார்கள். இரண்டாவது இடத்தில் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆள் வரும் என்றார்கள். அதற்காக வேலையை மாற்றி எடுத்துக்கொண்டு, ஜன்னலோரத்தில் கதிரையைப் போட்டு இரண்டு மணிவரை இருந்தார். யாரும் வரவில்லை. தொலைபேசி எடுத்தபோது, வர இருந்தவருக்குச் சுகமில்லை, சொல்ல மறந்துவிட்டோம் என்று ஒரு பெண் சொன்னாள். மூன்றாவது இடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வேலையிடத்தில் இதை அறிந்த ஒரே ஆள் புவனேந்திரன். ஒரு வருடத்துக்கு முன்னால் ஹம்பேர்க்கிலிருந்து வந்து சேர்ந்தவன். இடைவேளையில் றெக்சுக்குப் பக்கத்தில்தான் இருப்பான்.

"அண்ணை, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கிறான். சனி ஞாயிறிலை வந்து புதுசு பூட்டித் தருவான். பில் ஒண்டும் இல்லை."

"காஸ் எல்லே தம்பி. இந்தத் தொழிலிலை பதிஞ்ச மைஸ்டர் ஒருத்தர் கையெழுத்து வைக்க வேணும். இல்லாட்டிப் புகைபோக்கிக்காரன் விடமாட்டான்."

"அது ஓம். பிள்ளையள் இருக்கிற வீடு. விளையாடக் கூடாது."

றெக்ஸ் கோப்பியைக் குடித்தார். லிசா பாட்டுப் படிப்பதையும் எவ்லின் அடுக்களையில் தாயோடு சண்டை பிடிப்பதையும் அவர் புவனேந்திரனுக்குப் பலமுறை சொல்லியிருந்தார். எல்லாம் நடந்தவைதான். எப்போது நடந்தவை என்று மட்டும் சொல்லவில்லை. அவன் ஒரு நாளும் வீட்டுக்கு வந்ததில்லை. அவரும் அழைத்ததில்லை.

கடைசியில் புகைபோக்கிக்காரருக்கே தொலைபேசி எடுத்தார். "நான் யாரையும் சிபாரிசு செய்யக் கூடாது" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் வைட்னர் என்று ஒருவர் இருக்கிறார். தனியாள். தொலைபேசியைத் தானே எடுப்பார்" என்றார்.

வைட்னர் தானேதான் எடுத்தார். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வருவதாக டெர்மீன் கொடுத்தார். ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வாசலில் மணி அடித்தது.

அறுபதைத் தாண்டிய, தோள் அகன்ற மனிதர். முதலில் நிலவறைக்குப் போய்ப் பழைய கொதிகலனைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் கையை வைத்து, "இருபத்தாறு வருடம். நன்றாகத்தான் உழைத்திருக்கிறது" என்றார். பிறகு ஒவ்வொரு அறையாக ஏறி வந்து, சுவரோடு இருந்த சூடாக்கிகளை அளந்தார். பிள்ளைகளின் இரண்டு அறைகளிலும் கட்டில்கள் விரித்தபடி இருந்தன. கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. வைட்னர் அளவை எழுதிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து அவர் விளக்கினார். புதுக் கொதிகலன் சின்னது, சுவரில் மாட்டுவது. பழையதைப் போலப் புகையோடு சூட்டை வெளியே விடாது. ஆனால் இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, பக்கத்தில் நூற்றைம்பது லீற்றர் சுடுநீர்த் தாங்கி வைப்பது. குடும்பத்துக்கு அதுதான் சரி. மற்றது, தாங்கியே இல்லாமல், குழாயைத் திறக்கும்போது மட்டும் தண்ணீரைச் சூடாக்கிக் கொடுப்பது.

"வீட்டில் எத்தனை பேர்?"

"நாலு" என்றார் றெக்ஸ்.

வைட்னர் தாளில் நான்கு என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனையை மூடாமல் வைத்திருந்தார்.

"ஏன் கேட்கிறேன் என்றால், தாங்கியில் தண்ணீர் பாவிக்காமல் நாள்கணக்கில் நின்றால் நல்லதில்லை. கிருமி சேரும். ஆள் இல்லாத வீட்டுக்குப் பெரிய தாங்கி வைத்தால் அது யாருக்காகவும் இல்லாமல் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். அதனால் கணக்குச் சரியாக இருக்க வேண்டும்."

"நாலு பேர்தான். கடைக்குப் போயிருக்கிறார்கள்."

"நல்லது. திங்கட்கிழமை விலை எழுதி அனுப்புகிறேன்."

அவர் போனபிறகு றெக்ஸ் வெகுநேரம் மேசையிலேயே இருந்தார். பொய் சொன்னது வெட்கமாக இருந்தது. ஆனால் நாலு என்று சொன்னபோது தன் குரல் தடுமாறவில்லை என்பது அதைவிட உறுத்தியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும், தொலைபேசி அட்டையிலிருந்த இலக்கங்களைச் சுரண்டி லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பூசைக்குப் போனனீங்களோ?" என்று கேட்டாள் யோசப்பின்.

"போனனான். யோசப்பின், வீட்டைச் சூடாக்கிற ஹைட்சுங்கை மாத்த வேணும் எண்டு சொன்னனான் எல்லே. ஆள் வந்து பாத்திட்டுது. ரெண்டு விதமாச் செய்யலாமாம். பெரிய தாங்கி வைச்சும் பூட்டலாம், தாங்கி இல்லாமலும் பூட்டலாம். நீர் என்ன சொல்லுறீர்?"

"உங்களுக்கு எது வசதியோ அதைப் போடுங்கோ."

"என்ரை வசதி இல்லை. வீட்டிலை எத்தினை பேர் எண்டு கேக்கிறார்."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. லிசா யாரோடோ ஆங்கிலத்தில் வேகமாகப் பேசிச் சிரித்தாள். யோசப்பின் அறைக் கதவைச் சாத்துவதும் கேட்டது.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நாலு எண்டு."

"இஞ்சேருங்கோ." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "எவ்லின் அடுத்த வருசம் யூனிவசிற்றி. லிசா இப்பதான் இஞ்சை ஒரு மாதிரி ஒட்டினவள். திருப்பி ஜெர்மன் பள்ளிக்கூடத்திலை கொண்டுபோய் விட ஏலாது. எனக்கும் வேலையை நிரந்தரமாக்கிப் போட்டாங்கள். போன மாசமே சொல்ல நினைச்சனான். எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை."

"ஓம்."

"எங்களை எண்ணாதேங்கோ."

றெக்ஸ் தொலைபேசியின் சுருள் கம்பியை விரலில் சுற்றினார். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் விழுந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் இஞ்சை வாறதைப் பற்றி யோசிச்சுப் பாருங்கோவன்" என்றாள்.

"அம்பத்தொரு வயசிலை அங்கை வந்தால் ஆர் வேலை தருவினம்? இங்கிலீசும் தெரியாது. வீட்டுக் கடன் இன்னும் இருக்குது."

"அதுக்கு நான் என்ன சொல்ல?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பார். அட்டையில் நேரம் முடியப் போகிறது என்று இயந்திரக் குரல் இடையில் புகுந்தது. சாப்பிடுங்கோ, குளிருக்கு நல்லாப் போடுங்கோ என்று அவசரமாகச் சொன்னாள். இணைப்பு அறுந்தது. அவரிடம் இன்னொரு அட்டை இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும் வைட்னரை அழைத்தார். தெரிந்த ஜெர்மனில் அந்த வாக்கியத்தை ரயிலிலேயே இரண்டு மூன்று தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார்.

"நான் உங்களுக்குப் பிழையான கணக்குச் சொல்லிவிட்டேன். வீட்டில் ஒரு ஆள்தான்."

"ஒரு ஆள்" என்றார் வைட்னர். பேனை தாளில் உரசும் சத்தம் கேட்டது. "அப்படியென்றால் தாங்கி வேண்டாம். வேறு விலை எழுதுகிறேன். ஒக்டோபர் கடைசி வாரம் இரண்டு நாள் ஒதுக்கலாம். சரியா?"

"சரி."

அவ்வளவுதான். ஏன் பொய் சொன்னாய் என்று அவர் கேட்பார், அதற்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று றெக்ஸ் பயந்திருந்தார். கேட்காமல் விட்டது நிம்மதியாக இல்லை.

ஒக்டோபர் இருபத்தாறாம் தேதி வைட்னர் வந்தார். பழைய கொதிகலனை வெட்டித் துண்டு துண்டாக நிலவறைப் படிகளில் ஏற்றினார். றெக்ஸ் ஒரு பக்கம் பிடித்தார். அடுத்த துண்டைத் தூக்கவும் கூடப் போனார். அன்று வீடு முழுக்கக் குளிர்ந்து கிடந்தது. மத்தியானம் இரண்டு பேருக்குச் சோறும் மீன்குழம்பும் வைத்தார். ஆனால் வைட்னர் தன் வாகனத்துக்குள் இருந்து, கொண்டுவந்த பாண் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வந்தார். மிச்சத்தை றெக்ஸ் இரவுக்கு எடுத்துவைத்தார்.

இரண்டாம் நாள் கூரையிலிருந்து புகைபோக்கிக்குள் புதிய குழாயை இறக்கினார்கள். மேலேயிருந்து வைட்னர் கூப்பிட, கீழே றெக்ஸ் முனையைப் பிடித்து இழுத்தார். மூன்று மணிக்குப் புதுக் கொதிகலன் சிறிய உறுமலோடு பற்றிக்கொண்டது. வைட்னர் கைகளைக் கழுவிவிட்டு வந்து இந்த முறை கோப்பி குடித்தார். பிறகு ஒரு படிவத்தை விரித்தார்.

"நீங்கள் அதிகாலையில் வேலைக்குப் போகிறீர்கள். பகலில் குழாய் எங்கேயாவது கசிந்தால் நான் யாரைக் கூப்பிடுவது? கதவைத் திறக்க வீட்டுத் திறப்பு வேறு யாரிடம் இருக்கிறது?"

"யாரிடமும் இல்லை."

"ஒருவர் இருந்தால் நல்லது. பெயரும் இலக்கமும் வேண்டும்."

பேனையை வாங்கிய றெக்ஸ் கட்டத்தைப் பார்த்தபடி இருந்தார். பூசைக்குப் போகும் கோவிலில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இரண்டு வருடத்தில் அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கதை சொல்லியிருந்தார். கடைசியில் எழுந்து போய் நடையில் நின்று புவனேந்திரனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, ஒரு உதவி. என்ரை வீட்டுத் திறப்பு ஒண்டை நீ வைச்சிருக்க வேணும். அவசரத்துக்கு உன்ரை பேரைக் குடுக்கலாமோ?"

"அதுக்கென்ன அண்ணை. ஆனால் அக்கா வீட்டிலை நிப்பா எல்லே?"

றெக்ஸ் சுவரில் கையை ஊன்றினார். "இல்லை. அவை லண்டனிலை. போய் ரெண்டு வருசம். இனி வரமாட்டினம்."

அந்தச் சொற்களை அவர் தமிழில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு வருசமோ? அண்ணை, நீங்கள் ஒரு நாளும்..."

"சொல்லேல்லை."

"சரி. நாளைக்குத் திறப்பைக் கொண்டு வாங்கோ. நான் வைச்சிருக்கிறன்."

றெக்ஸ் திரும்பி வந்து கட்டத்தில் பெயரை எழுதினார். நீளமான பெயர், கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. வைட்னர் அதை எழுத்தெழுத்தாக வாசிக்க முயன்று, சிரித்து, படிவத்தை மடித்துப் பையில் வைத்தார்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் புகைபோக்கிக்காரர் வந்து அளந்து கையெழுத்துப் போட்டார். புவனேந்திரன் திறப்பைத் தன் வீட்டுத் திறப்புக் கோர்வையிலேயே மாட்டிக்கொண்டான். இடைவேளைகளில் அவன் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டான். அதனால் பேச விஷயம் குறைந்தது. இரண்டு பேரும் பெரும்பாலும் சும்மா இருந்து கோப்பி குடித்தார்கள்.

டிசெம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு றெக்ஸ் லண்டனுக்குப் போனார். வரவேற்பறையில் சோபாவை விரித்துப் படுக்கத் தந்தார்கள். எத்தனை நாள் நிற்பீர்கள் என்று லிசா அன்பாகத்தான் கேட்டாள். ஆறு நாள் என்றார். யோசப்பின் நன்றாகச் சமைத்தாள். ஒரு மாலையில் இருவரும் தனியாகக் கடைத்தெருவரை நடந்தார்கள். அவள் அவருடைய கையைப் பிடித்திருந்தாள். வீட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை.

திரும்பி வந்த நாள் கெல்ஸ்டர்பாக்கில் பனி கொட்டியிருந்தது. புவனேந்திரன் வந்து பார்த்திருக்க வேண்டும், வாசல் பாதை கூட்டப்பட்டிருந்தது. கதவைத் திறந்தபோது வீடு சூடாக இருந்தது. றெக்ஸ் கோட்டைக் கழற்றிக் கொழுவினார். யோசப்பின் பொரித்துக் கட்டித் தந்த றோல்களில் இரண்டைச் சூடாக்கி நின்றபடியே சாப்பிட்டார். மற்றவற்றைப் புவனேந்திரனுக்கென்று ஒரு பெட்டியில் போட்டு மூடிவிட்டு, நான்கு மணிக்கு எழும்ப மணிக்கூட்டில் அலாரத்தைத் திருப்பி வைத்தார்.