கதவிடுக்கில் ஒரு போர்வை

வீட்டை ஒட்டிய ஷெட்டில் மெக்கானிக் ஒரே உதையில் அப்பாவின் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்துவிட்டான். கூடத்தில் அப்பாவின் உடலைச் சுற்றி அழுதுகொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கினார்கள். திக்கல் இல்லை, கறுப்புப் புகை இல்லை. ஒரு மாதமாக வீட்டையே பாடாய்ப்படுத்திய வண்டி இப்போது சமர்த்தாக ஓடியது.

"அத நிறுத்துப்பா, புண்ணியமாப் போகும்" என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா.

நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தான். அப்பா ஒருநாளும் இவன் கடைக்கு வண்டியை விட்டதில்லை. "நல்லா இருக்கறதையும் கெடுத்துருவான்" என்று இவன் காதுபடவே சொல்வார்.

"அய்யா சாகணும்னு ஷெட்டுக்குள்ள போகலம்மா" என்றான் அம்மாவைப் பார்த்து. "கார்ப்பரேட்டரப் பிரிச்சுக் கழுவி, புது பிளக் மாட்டியிருக்காரு. கடைசியா காத்து ஸ்க்ரூவத் திருகிட்டு இருந்திருக்காரு. அதுக்கு இன்ஜின் சூடா ஓடிட்டே இருக்கணும். கறுப்புப் புகை நின்னதும் இனி ஒண்ணுமில்லன்னு நெனச்சிருப்பாரு. கண்ணுக்குத் தெரியாத புகைதான் ஆள அடிக்கும்."

"அப்ப ஷெட் கதவ ஏன் சாத்துனான்?" அத்தை விடவில்லை. "கதவிடுக்குல போர்வையச் சொருகியிருந்தானே, அது எதுக்கு? நேத்துக் காலையில இவ என்ன சொன்னான்னு தெருவே கேட்டுச்சே."

நேற்றுக் காலை அம்மா கத்தியது உண்மைதான்: "அந்த வண்டியக் கட்டிக்கிட்டே சாவுங்க!" கல்யாணமான நாளிலிருந்து சொல்வதுதான். "செத்தாலும் பெட்ரோல் நீதான் போடணும்" என்று அப்பா சிரிப்பார். நேற்றும் சிரித்தார். ஆனால் அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு ஞாபகத்தில் இல்லை, தான் சொன்னது மட்டும்தான் இருந்தது. இன்னும் அழக்கூட இல்லை.

மகள் மடியில் கைக்குழந்தையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். அம்மா எழுந்து சமையலறைக்குப் போனதும் குழந்தையோடு பின்னாலேயே போனாள். சொன்னால் இந்தப் பழி இனித் தன்மேல்தான். சொல்லாவிட்டால் அம்மா இதிலேயே போய்ச் சேர்ந்துவிடுவாள்.

"நீ சொன்னதால இல்லம்மா. நான்தான் சாத்தச் சொன்னேன்."

அம்மா திரும்பினாள்.

"நேத்து இவன் அப்பதான் கண்ண மூடுனான். 'அப்பா, கதவையாவது சாத்திக்குங்களேன்'னு சொன்னேன். 'பேரன் உத்தரவு'ன்னு சாத்திக்கிட்டாரு. அப்புறம் பாத்தா கதவுக்கடியில போர்வை தெரிஞ்சுது. சத்தம் வரக்கூடாதுன்னு அவரே சொருகியிருக்காரு. சிரிச்சுட்டு நானும் வந்து படுத்துட்டேன்."

பிள்ளை பெற்ற பிறகு அவள் அசந்து தூங்கியது நேற்றுதான். அதை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

அம்மா குழாயைத் திறந்து, சுத்தமாக இருந்த டம்ளர் ஒன்றை வெகுநேரம் கழுவினாள்.

"வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. உன் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லாத. நாளைக்கு இவன் வளந்து கேட்டாலும் சொல்லாத."

முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அத்தை மறுபடி ஆரம்பிப்பதற்குள் அம்மாவே சொன்னாள்: "நான்தான் கதவச் சாத்தச் சொன்னேன், அண்ணி. சத்தம் தாங்கல. போர்வையும் நான் குடுத்ததுதான்."

"அடிப்பாவி! எந்தம்பிய அடைச்சு வெச்சுக் கொன்னுட்டியேடி!" அத்தை அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். மகள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவளைப் பார்த்த பார்வையில் வார்த்தை உள்ளேயே நின்றது. பிறகுதான் அம்மா உடைந்து அழுதாள்.

"குழந்தைய உள்ள படுக்கப் போட்டுக் கதவச் சாத்தும்மா" என்றார் யாரோ. "இந்தச் சத்தத்துல பயந்துக்கப் போவுது."

மகள் உள்ளறையில் குழந்தையைப் படுக்கவைத்தாள். கதவு காற்றில் தானாக மூட வந்தது. அம்மா கூடத்திலிருந்து எழுந்து வந்து, அப்பாவின் டூல் பெட்டியை இழுத்து, கதவு மூடாதபடி முட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அத்தையின் ஒப்பாரி வீடு முழுக்கக் கேட்டது. குழந்தை அசையாமல் தூங்கியது.