மாமனாரைக் கிளப்பிய காலை

துறைக்குக் கட்டடம் வருவதற்கு முன்பே மாமனார் வந்துவிட்டார். ஒரு தகரக் கொட்டகை, சில லேத்துகள், அவற்றை பெல்ட் போட்டு ஓட்ட ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். பல்கலைக்கழகத்தின் இயந்திரவியல் துறை பிறந்தது இப்படித்தான். மின்சாரம் எட்டிப்பார்க்காத அந்த நாளில், காலையில் முதல் ஆளாக வந்து கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பியவர் துறையின் முதல் தலைவர். பிறகு வகுப்பறை வந்தது, ஆய்வகம் வந்தது, கணினிகள் வந்தன. லேத்துகள் பழைய இரும்புக்குப் போயின. எஞ்சின் மட்டும் பட்டறை மூலையில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. யார் வந்தாலும் லேசில் மசியாத அந்த இரும்புக்கு மாமனார் என்று பெயர் வைத்த மாணவன் யாரோ, அவன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

கூடவே ஒரு வழக்கமும் ஒட்டிக்கொண்டது. புதிதாக வரும் துறைத்தலைவர், பதவியேற்கும் காலையில், எல்லோர் முன்னாலும் மாமனாரைக் கையால் கிளப்ப வேண்டும். அப்புறம்தான் நாற்காலி. கிளப்ப முடியாமலே நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரே ஒருவர். வருடம் திரும்புவதற்குள் அவர் வேலையையே விட்டுப் போனார். பட்டறைச் சுவரில் தலைவர்களின் படவரிசையில் அவர் படம் மட்டும் கோணலாகத் தொங்கும். யாரும் அதை நேராக்கியதில்லை.

இந்த முறை தலைவராக வருகிறவள் ஒரு பெண், துறை வரலாற்றில் அப்படி வரும் முதல் ஆள். அவள் ஆராய்ச்சியெல்லாம் கணினித் திரையில்தான். சிலிண்டருக்குள் எரியும் தீயைக்கூடக் கணக்காகவே பார்த்துப் பழகியவள். முதுகுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் மேடம் என்று சொல்வது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அதுகூடப் போகட்டும். அறிவிப்பு வந்த நாளிலிருந்து, ஆசிரியர் அறைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. வெப்பவியல் பேராசிரியர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தார். பட்டறைக் கண்காணிப்பாளர் சும்மா தொண்டையைச் செருமினார். இயந்திர வடிவமைப்பு நடத்தும் இளம் விரிவுரையாளரோ அவள் கண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். தன்னை இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். எஞ்சின் கிளம்பாவிட்டால் அவர்களுக்கு அதுவே சாக்கு. சுவரில் இன்னொரு கோணல் படம்.

வீட்டில் கணவரிடம் புலம்பினாள். அவர் போர்வைக்குள்ளிருந்தே சொன்னார்: "தினமும் காலையில என்னையே எழுப்பறவ நீ. அந்த இரும்பை எழுப்ப மாட்டியா?"

பதவியேற்கும் காலை பட்டறை நிறைந்திருந்தது. ஓய்வுபெற்ற முந்தைய தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் கைப்பிடியைப் பற்றினாள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்தாள். எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் போய்விடும். வால்வைத் திறந்து வைக்கும் நெம்புகோலைத் தூக்கிவிட்டுச் சுற்ற, சக்கரம் வேகம் பிடித்தது. நெம்புகோலை விட்டாள். இனி உள்ளே காற்று நெருக்குண்டு கை கனக்க வேண்டும். கனக்கவில்லை. சக்கரம் பாட்டுக்குச் சுற்றி, மெல்ல நின்றது. மறுபடி சுற்றினாள். மறுபடியும் அதே கதை.

யாரோ இருமினார்கள். இது இவ்வளவு சுலபமாகச் சுற்றக் கூடாதே என்று அவள் கை முரண்டு பிடித்தது. அழுத்தம் இல்லாமல் சூடு இல்லை, சூடு இல்லாமல் தீ இல்லை. திரையில் இதைத்தானே காலமெல்லாம் பார்த்தாள்.

"வால்வு முழுசா மூடல," என்றாள். "யாரு இதுல கை வச்சது?"

இளம் விரிவுரையாளர் முகம் சிவந்துபோய் முன்னால் வந்தார். சக்கரம் கனம், மேடத்துக்குக் கை வலிக்குமே என்று விடிகாலையில் வந்து, வால்வு கொஞ்சம் திறந்தே இருக்கும்படி திருகாணியை முறுக்கிவிட்டாராம். சுற்றுவதை யோசித்த மனிதர், எரிவதை மறந்துவிட்டார்.

திருகாணியைச் சரிசெய்துவிட்டு, சந்தேகத்தில் எஞ்சினுக்கு டீசல் வரும் இணைப்பையும் அவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு டீசல் வரவில்லை. இப்போது வெப்பவியல் பேராசிரியர் நெளிந்தார். பழைய டீசலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றி, தொட்டியின் குழாயைத் திறந்து வைத்தது அவர்தானாம். பட்டறைக் கண்காணிப்பாளர் தலையைச் சொறிந்தார். அவருக்குப் பின்னால் வந்து, எண்ணெய் கசிகிறதே, மேடம் வரும்போது தரை சுத்தமாக இருக்கட்டும் என்று அந்தக் குழாயை இறுக மூடியது இவர். ஓட்டிப் பார்க்காமல் எதையும் ஒப்படைக்காதே என்று மாணவர்களிடம் தொண்டை வறளக் கத்துகிறவர்கள் இந்த மூவரும். பக்கத்தில் விடுதி வந்துவிட்டதே, சத்தம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று மூவருமே ஓட்டிப் பார்க்கவில்லை.

முதலில் சிரித்தவர் முந்தைய தலைவர்தான்.

"நான் பதவி ஏத்த அன்னிக்கு இதை விடியறதுக்குள்ளயே ஓட்டி, சூடாக்கி வச்சிருந்தாங்கம்மா. தொட்டதும் கிளம்பிடுச்சு. எனக்கு முன்னாடி இருந்தவருக்கு நானே சூடாக்கி வச்சேன். எல்லாருக்கும் அப்படித்தான்."

அவள் கோணல் படத்தைப் பார்த்தாள். "அவருக்கு?"

அவர் சிரிப்பு அடங்கியது. "அவருக்கு யாரும் வைக்கல. வைக்கணும்னு யாருக்கும் தோணல."

அவள் நெஞ்சிலிருந்த பாரம் அப்படியே இறங்கியது. நின்றுபோன பேச்சும், பேப்பருக்குப் பின்னால் ஒளிந்த முகமும் இதற்குத்தானா. மாமனாரைப் பற்றிக் கூடிப் பேசிய மூன்று பேரும், யார் என்ன செய்வது என்று மட்டும் பேசிக்கொள்ளாமல், தனக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்து, ஓடக்கூடிய எஞ்சினை ஓடாமல் செய்திருக்கிறார்கள். இப்படியொரு துறையை வைத்துக்கொண்டு எப்படி மாரடிப்பது என்று நினைத்தபோது கண் கலங்கி, சிரிப்பும் வந்தது.

தொட்டியின் குழாயைத் திறந்து, அவிழ்த்த இணைப்பில் காற்று போகும்வரை டீசலை வழியவிட்டு, இணைப்பை இறுக்கிவிட்டுச் சுற்றினாள். நெம்புகோலை விட்டதும் கை கனத்தது. டப் என்று ஒரு சத்தம், ஒரு கறுப்புப் புகை. அப்புறம் மாமனார் நிற்காமல் பேச ஆரம்பித்தார். விடுதி ஜன்னல்களில் தூக்கக் கலக்கமாகத் தலைகள் தெரிந்தன.

நாற்காலிக்குப் போகும் முன் அவள் சுவரோரம் போய், எண்ணெய்க் கையாலேயே கோணல் படத்தை நேராக்கினாள். சட்டத்தில் விரல்கள் கறுப்பாகப் பதிந்துவிட்டன. பட்டறைக் கண்காணிப்பாளர் துணியோடு ஓடிவந்தார்.

"இருக்கட்டும்," என்றாள்.