விளக்கு வைத்தபின் ஒரு மாத்திரை

ஹேமாவின் புருஷன் அஜிததாஸ் வடக்கே சிகர்ஜி மலை யாத்திரையிலிருந்து ஒரு புது விரதத்தோடு வந்து இறங்கினான். அந்த ஜைன வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சோறு தொடுவதில்லை. அது பிறந்ததிலிருந்து உள்ள பழக்கம். இவன் அதற்கும் ஒருபடி மேலே போய், தண்ணீரும் மருந்தும்கூடக் கிடையாது என்று மலை உச்சியில் சங்கல்பம் செய்துவிட்டான். யார் கேட்டார்கள்?

நர்ஸ் அன்புக்கரசி வந்ததோ ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கி, விளக்கும் வைத்த பிறகு. யாத்திரை ரயிலில் அஜிததாஸோடு ஒரே சொம்பில் தண்ணீர் குடித்த தொண்டூர் சுதர்சன் மூளைக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார்; அந்தச் சேதியோடுதான் வந்தாள்.

"கிருமி தொண்டையில சும்மா உக்காந்திருக்கும்ணா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா வீட்ல தொத்திக்கும். பாப்பாவுக்கு ஊசி போட்டுட்டேன். நீங்க ரெண்டு பேரும் இப்பவே மாத்திரை போட்டுக்கணும். ஒருத்தர் விட்டாலும் வீணு."

ஹேமா உடனே விழுங்கினாள். அஜிததாஸ் தன் மாத்திரையைச் சாமி மாடத்தில் பத்திரமாக வைத்தான்.

"காலைல போட்டுக்கறேன்."

நர்ஸ் சொல்லிப் பார்த்து, அலுத்துப்போய்க் கிளம்பினாள். அவள் தெருவைத் தாண்டவில்லை, அதற்குள் இவன் ஏழு மாத ஜினிஷாவைத் தூக்கக் கை நீட்டினான். ஹேமா வெடுக்கென்று குழந்தையை இழுத்துக்கொண்டாள். பயம் ஒரு பக்கம். ஆத்திரம் அதைவிட அதிகம்.

"பூச்சி புழு செத்துடும்னு தண்ணிய வடிகட்டிக் குடிக்கறீங்க. இந்த உசுரு மட்டும் கணக்குல இல்லியா?"

"எனக்கு இன்னா ஆச்சு? நல்லாத்தான இருக்கறேன்."

இந்த மனுஷனிடம் பேசிப் பயனில்லை. ஹேமா விளக்குக்கு முன்னால் போய் நின்றாள். "இவரு மாத்திரை போடற வரைக்கும் நான் சோத்துல கை வைக்க மாட்டேன். இது சத்தியம்."

சங்கல்பம் யாருடையதானாலும் அஜிததாஸுக்கு விளையாட்டில்லை. ஆடிப்போனான்.

"பால் குடுக்கறவ பட்டினி கெடந்தா புள்ள இன்னாத்துக்கு ஆவறது?"

"அத நீங்கதான் சொல்லணும்."

மாடத்திலிருந்து மாத்திரையை எடுத்தான். பிறகு கைகூப்பி மந்திரம் முணுமுணுத்து, மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தான். கண் கலங்கியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது ஹேமாவுக்கு.

"நாளைக்குப் பூரா உபவாசம் இருந்து இந்தத் தோஷத்தக் கழிக்கணும்" என்றான்.

படுத்தவன் திடீரென்று எழுந்து உட்கார்ந்தான். "ஏ, விளக்கு வச்சப்புறம் நீ எப்பிடியும் காலைல வரைக்கும் சாப்பிட மாட்டியே. அதுக்குள்ள நானே போட்டிருப்பனே."

"மாட்டேன்தான்" என்றாள் ஹேமா, குழந்தையைத் தட்டிக்கொண்டே. "அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க."