படகுக்கு ஒருவர், மாடிக்கு ஒருவர்

ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் முகத்தில் கொஞ்சமாவது களை வேண்டாமா? அந்த இரண்டு பேரையும் பார்த்தால் யாரையோ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தவர்கள் போல இருந்தது. அவர் ரொட்டி ஆலையில் ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் நின்றுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருந்தார். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. அவளுக்கு அன்று வார விடுமுறை. விடுமுறை என்பது உடம்புக்குத் தெரிந்தால்தானே? வழக்கம்போல விடியுமுன்னே விழிப்பு வந்து, ஒரு வாரத் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, கைப்பேசிக் கடைக்கு மேலே இருந்த டிராவல்ஸ் ஆபீஸின் படிக்கட்டில் அவருக்காகக் காத்திருந்தாள்.

“ரொம்ப நேரமாச்சா வந்து?” என்றார்.

“இல்ல, இப்பதான்” என்றாள். அதற்குள் எத்தனையோ பேர் அவளைத் தாண்டி ஏறி, வேலையை முடித்து, இறங்கியும் போயிருந்தார்கள்.

அவளுக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். வெறும் வயிற்றோடு வரச் சொல்லப்பட்டவர்கள் அத்தனை பேரும் விடிந்ததும் விடியாததுமாக வருவார்கள். வரும்போதே எரிந்து விழுந்துகொண்டு வருவார்கள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? கையைத் தட்டி, நரம்பைத் தேடி, “எறும்பு கடிக்கிற மாதிரிதான், அவ்வளவுதான்” என்று ஒவ்வொருவரிடமும் பொய் சொல்லிவிட்டுப் பிற்பகலில் வீட்டுக்கு வந்தால், அவர் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருப்பார். ஆலையில் ரொட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு அவர் வீடு சேரும்போது அவள் வேலைக்குப் போயிருப்பாள். அவர் எழுந்த பிறகு கிடைப்பது ஒரு மணி நேரம். அதிலும் குளியல், சவரம், சாப்பாடு. ஏழு மணிக்கு ஆலை வேன் வந்து ஹார்ன் அடிக்கும். வேன் போனதும் அவள் படுத்துவிடுவாள். அவருக்கு வாராந்திர ஓய்வு வரும் ராத்திரியிலும் தூக்கம் வராது. கூடத்தில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். மகள் அவர்களுக்கு வைத்திருந்த பெயர் சேவலும் ஆந்தையும்.

மகள் வீட்டில் இருந்தவரை பிழைப்பு ஓடியது. அந்த ஒரு மணி நேரத்தில் அவள்தான் பேசுவாள்; இவர்கள் இருவரும் அவளிடம் பேசுவார்கள். “அப்பாகிட்ட சொல்லு, காஸ் தீந்துபோச்சு.” “அம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு வந்துடும்.” அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்கள்! போன வருஷம் அவள் மேல்படிப்புக்கு ஹாஸ்டலுக்குப் போனாள். வீட்டில் சத்தமும் அவளோடு போய்விட்டது. இப்போது, “குழாய் ஒழுகுது” என்பாள் இவள். “ம்” என்பார் அவர். காவல் மாற்றிக்கொள்ளும் வாட்ச்மேன்கள்கூட நாலு வார்த்தை கூடப் பேசுவார்கள்.

ஆலையில் பழைய அடுப்பைப் பிடுங்கிப் புது அடுப்பு வைக்க ஒரு வாரம் மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், மகள் போனில் ஒற்றைக்காலில் நின்றாள். “ரெண்டு பேரும் எங்கயாவது வெளிநாடு போயிட்டு வாங்கம்மா. சேர்ந்து ஒரு ஊருக்காவது போயிருக்கீங்களா நீங்க?”

“போனோமே, உன் சித்தப்பா கடை திறந்தப்போ.”

“அது ஊர் சுத்துறதாம்மா?”

ஊரைத் தேர்ந்தெடுப்பதில் ஆரம்பித்தது இழுபறி. அவர் கேட்டது கடலோரத்துப் பெரிய நகரம். மேகத்தைத் தொடுகிற கட்டிடங்கள், அணையாத விளக்குகள், விடிய விடியக் கடைகள். “எனக்கு ராத்திரி தூக்கம் வராது. ஊராவது முழிச்சிருக்கட்டும்” என்றார். அவள் கேட்டது வேறொரு நாட்டில், மலைக்கும் ஏரிக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருந்த சின்ன ஊர். பொழுது சாயும்போதே கடையெல்லாம் சாத்திவிடுவார்களாம். விடியலில் பனிக்குள் படகு போகுமாம். இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மகள்தான் நாட்டாமை செய்தாள்: மூன்று நாள் அது, மூன்று நாள் இது, நடுவில் ஒரு நாள் பயணத்துக்கு. வேண்டியதையெல்லாம் டிராவல்ஸில் போய்ச் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டியது.

உண்மையைச் சொன்னால், அவளுக்கு ஏரியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தண்ணீரைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்ன? அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு வாரத்துக்குப் புருஷன். கட்டிய புருஷனையே அப்படிக் கேட்க வெட்கமாக இருந்ததால் ஏரி வேண்டும் என்றாள்.

டிக்கெட் போடும் பெண் சிரித்த முகக்காரி. கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: “ரூம்ல ஒரு பெரிய கட்டிலா, தனித்தனியா ரெண்டு சின்னக் கட்டிலா?”

“ஒண்ணு போதும்” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அந்தப் பெண் வாய்க்குள் சிரித்துக்கொண்டாள். இந்த வயதிலும் என்ன அந்நியோன்னியம் என்று நினைத்திருப்பாள். இவர்கள் வீட்டுக் கட்டிலில் ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

“மொதல் ஊர்ல பெரிய டவர் இருக்கு சார். ராத்திரி பத்து மணிக்கு உச்சி மாடிக்கு ஏத்துவாங்க, ஊரே விளக்கா தெரியும். எத்தனை டிக்கெட்?”

“ஒண்ணு போடும்மா. இவ அதுக்குள்ள தூங்கிடுவா.”

“ராத்திரி மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போற வண்டி?”

“அதுவும் ஒண்ணு.”

“ஏரியில விடியக்காலைப் படகு?”

“எனக்கு மட்டும் போடும்மா” என்றாள் அவள். “அந்த நேரத்துல அவரை எழுப்ப முடியாது. பாவம், தூங்கட்டும்.”

“மலை ரயில்? காலைல எட்டு மணிக்குக் கிளம்பும்.”

“ஒண்ணு.”

“ஹோட்டல்ல காலை டிபன்...”

“எனக்கு மட்டும்தான்.”

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அந்தப் பெண் இவர் முகத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். “தப்பா நினைக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே போறீங்க?”

“ஆமா. ஏன்மா?”

“இல்ல சார், சேர்ந்து இருக்கிறது ஃப்ளைட் மட்டும்தான். அதுவும் ராத்திரி ஃப்ளைட்.”

அவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல் ஆகிவிட்டது. யார் மேல் பழி போடுவது? ‘பாவம், தூங்கட்டும்’ என்றது அவள் வாய்தானே? ஏழு கடல் தாண்டிப் போகிற ஊரிலும் அதே வீட்டைக் கொண்டுபோய் வைப்பதற்கு, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். ஏழு நாளில் ஒரு வேளைச் சாப்பாடுகூடச் சேர்ந்து சாப்பிடுவதாக இல்லை. அது இரண்டு பேருக்கும் உறைக்கக்கூட இல்லை.

“நாங்க கொஞ்சம் யோசிச்சுட்டு சொல்றோம்மா” என்று எழுந்தாள்.

“சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பிடிச்சு வைக்கிறேன் மேடம். அதுக்கு மேல சீட் கிடைக்காது. நானே போன் பண்றேன்.”

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு இது தூங்கப் போகிற நேரம். கண் இரண்டும் சிவந்து, தலை தானாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. அவள் கேட்டாள்: “பகல் ஷிஃப்ட் கேட்டு எழுதிக் கொடுத்தீங்களே, அது என்னதான் ஆச்சு?”

இது புதுக் கேள்வி இல்லை. கேட்கும்போதெல்லாம், “கிணத்துல போட்ட கல்லு மாதிரி கிடக்குது, பாப்போம்” என்பதுதான் பதில். இன்று அவருக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பு இல்லை.

“கொடுத்தாங்க” என்றார்.

“என்னது?”

“போன வருஷமே கொடுத்தாங்க. பாப்பா ஹாஸ்டலுக்குப் போன மறு மாசம். நான்தான் வேணாம்னுட்டேன். இப்ப அந்த இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு.”

பஸ் ஒன்று வந்து நின்றது. கதவு திறந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு போனது. அது அவர்கள் ஏற வேண்டிய பஸ்தான்.

“ஏன்?” என்றாள்.

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். “பயமா இருந்துச்சு. பாப்பா இருந்த வரைக்கும் ஒண்ணும் தெரியல. அவ போனப்புறம் அந்த ஒரு மணி நேரத்தைத் தள்றதே எனக்குப் பெரும்பாடா இருக்கு. நீ தட்டை வைக்கிற, நான் சாப்பிடுறேன், வேன் வந்தா அப்பாடான்னு ஏறி உக்காந்துக்கறேன். பகல் ஷிஃப்ட்னா சாயங்காலத்துலேர்ந்து தூங்குற வரைக்கும் உன் எதிர்லயே இருக்கணும். என்ன பேசுவேன்? நமக்குள்ள பேச ஒண்ணுமே இல்லன்னு உனக்குத் தெரிஞ்சு போச்சுன்னா?”

“எனக்குத் தெரிஞ்சா என்ன? அதை நீங்களே ஒத்தையா முடிவு பண்ணிட்டீங்க!” அவள் குரல் உயர்ந்தது. “நான் பைத்தியக்காரி மாதிரி ‘வந்துச்சா, வந்துச்சா’ன்னு கேட்டுட்டே இருந்தேன். கேட்டப்பல்லாம் கூசாம பொய் சொல்லியிருக்கீங்க.”

“ஆமா.”

“நானும்தான் நாள் முழுக்கப் பொய் சொல்றேன், எறும்பு கடிக்கிற மாதிரின்னு. ஆனா அது ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு வருஷமும் இரண்டு பேரையும் பிரித்துவைத்தது பாழாய்ப்போன ஷிஃப்ட் என்றுதான் நினைத்திருந்தாள். அந்த நினைப்பு எவ்வளவு சௌகரியமாக இருந்தது! ஆலையைத் திட்டலாம், அடுப்பைத் திட்டலாம். இப்போது திட்டுவதற்கு மிஞ்சியது இந்த ஆள் ஒருவர்தான். அழுதால் தேவலை போல இருந்தது. அழுகை வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. அவள் விட்ட கொட்டாவி அவரையும் தொற்றிக்கொண்டது. பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ, இருவரும் வாயைப் பிளந்துகொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் கையைக் காட்டினார்கள்.

வீட்டில் அவர் தலையணையை எடுத்துக்கொண்டு, “நான் கூடத்துல படுத்துக்கறேன்” என்றார்.

“ஒண்ணும் வேணாம். போய்க் கட்டில்ல படுங்க. நானும் படுக்கப் போறேன். உங்களோட சண்டை போடக்கூட எனக்கு உடம்புல தெம்பு இல்ல. எழுந்து போட்டுக்கலாம்.”

அவர் கட்டில் பக்கத்தில் போய் நின்றார். படுக்கவில்லை. “நீ எந்தப் பக்கம்?” என்றார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். “நான் நடுவுலதான் படுப்பேன்.”

“நானும் நடுவுலதான்.”

கடைசியில் ஆளுக்கொரு ஓரமாக, ஒருத்தருக்கொருத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தார்கள். மெத்தைக்கு இவர்கள் கோபமெல்லாம் தெரியுமா? இத்தனை வருஷமாக முறை வைத்து இருவரும் நடுவிலேயே படுத்ததில் பஞ்சு அங்கே ஒரே குழியாகக் குழிந்திருந்தது. ஓரத்தில் படுத்தாலும் உடம்பு நடுவுக்கு உருண்டது. ஒருமுறை விலகிப் பார்த்தாள். மறுபடி உருண்டாள். மூன்றாம் முறை விலகுவதற்குள் தூங்கிப்போனாள்.

வாசலில் ஹார்ன் அடித்த சத்தத்தில்தான் விழித்தாள். அறை இருட்டிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

“ஏன் எழுப்பல நீ?”

“நானே இப்பதான் முழிக்கிறேன்.” கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். “டிராவல்ஸ் பொண்ணு விடாம கூப்பிட்டிருக்கா. ஆறு மணியெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு.”

“போச்சா?”

“போச்சு.”

ஏரியும் போயிற்று, டவரும் போயிற்று. நாளைக்கு மறுபடி கெஞ்சிக் கேட்டால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதைப் பற்றி நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை. அவர் இருட்டில் சட்டையைத் தேடி ஒரு கையை நுழைப்பதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘இன்னைக்கு ஒரு நாள் போகாதீங்க’ என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கேட்டு நிறுத்தி வைக்கிற ஆளை வைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போய் என்ன ஆகப்போகிறது? இப்போதும் அந்த வேனில் ஏறி அப்பாடா என்று உட்கார்ந்தாரானால் தனக்குப் பயணமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டாள். 

மறுபடி ஹார்ன் அடித்தது. அவர் இன்னொரு கையை நுழைக்காமல் நின்றார். பிறகு ஜன்னலுக்குப் போய்க் கதவைத் திறந்தார்.

“தம்பி, இன்னைக்கு நான் வரல.”

“என்னாச்சுண்ணே? உடம்பு சரியில்லையா?” டிரைவரின் குரல் கீழேயிருந்து கேட்டது.

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. வீட்ல கொஞ்சம் பேச வேண்டியிருக்கு.”

“பேசிட்டு வாங்கண்ணே, அஞ்சு நிமிஷம் நிக்கறேன்.”

“அஞ்சு நிமிஷத்துல முடியாதுப்பா. நீ கிளம்பு.”

வேன் முனகிக்கொண்டு கிளம்பி, தெருமுனையில் திரும்பி, சத்தம் ஓய்ந்தது. அவர் ஜன்னலையே பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பினால் பேச வேண்டுமே! அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“சரி, பேசுங்க” என்றாள்.

அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். சட்டையின் காலிக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒண்ணுமே தோண மாட்டேங்குது” என்றார்.

“பரவால்ல, யோசிங்க. நான் முழிச்சுதான் இருக்கேன்.”