ஈஸ்டர் திங்களன்று குதிரை பிடித்து வந்தவள்

1.

17 ஏப்ரல் 2004, சனிக்கிழமை. நேற்று மாலை கதை எழுதும் வகுப்பில் வாசித்த பக்கத்தில் ஒரு பிழை செய்துவிட்டேன். அயர்லாந்தின் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம் 1752இல் தொடங்கியது என்று எழுதியிருந்தேன். 1870 என்பதே சரி. ஒரே வரியில் நூற்றுப் பதினெட்டு வருடங்களைக் கூட்டிவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் அக்கா பாத்திமா மேரி அயர்லாந்திலிருந்து போன் செய்தாள். "லின்சி, நேத்து கிராண்ட் நேஷனல் பந்தயத்துல எனக்குப் பரிசு குடுத்தாங்கடி" என்றாள். அவள் அங்கே ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்க்கிறாள். ஊரில் எல்லோரும் அவளை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அயர்லாந்துக்குப் போகிற பெண் வேறு என்னவாக இருப்பாள்?

2.

தொடக்கம், முதல் முயற்சி: "பரந்த பச்சைப் புல்வெளியில் வெண்பனி..."

(அடித்துவிட்டேன். நான் பனியைப் பார்த்தது மார்கழி வயலில் மட்டும்தான்.)

இரண்டாவது முயற்சி: "1752இல் கார்க் என்ற பகுதியில் இரண்டு பேர் பந்தயம் கட்டி, ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரத்தைப் பார்த்துக் குதிரை ஓட்டினார்கள் என்கிறார்கள். குறுக்கே வேலி வந்தாலும் ஓடை வந்தாலும் தாண்டியாக வேண்டும்."

இது இருக்கட்டும். தாண்டி ஓடும் பந்தயங்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது. என் பிழையும் இங்கேதான் தொடங்கியது.

வகுப்பில் இதைக் கேட்டதும் கூத்தாநல்லூர் ஹபீப் முகம்மது, "அப்ப திருக்காட்டுப்பள்ளியிலேருந்து பூண்டி மாதா கோயில் கோபுரத்தப் பாத்து ஓடலாம்னு சொல்லு. எத்தன வாய்க்கால் தாண்டணும்?" என்றான்.

"பதினொண்ணு."

"எண்ணிட்டே வந்துட்டியா?"

"புதன்கிழமை. சைக்கிள்ல."

(பதினொன்றும் வறண்டு கிடக்கின்றன. குதிரை தாண்டக்கூட வேண்டாம், இறங்கி ஏறினால் போதும்.)

3.

விட மனம் வராத இரண்டு செய்திகள். 1916 ஈஸ்டர் திங்களன்று டப்ளினில் கிளர்ச்சி வெடித்தபோது, பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் ஃபேரிஹவுஸ் மைதானத்தில் ஈஸ்டர் திங்கள்தோறும் நடக்கும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1984இல் முதல்முறையாக ஒரு பெண் ஓட்டிய குதிரை இதில் வென்றது.

ஓட்டியவர்களின் பெயர் ஏட்டில் இருக்கிறது. குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவர்களின் பெயர்

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

4.

எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறுதோறும் ஒரு ஜெபப் பட்டியல் வாசிப்பார்கள். வெளிநாட்டில் பணிபுரியும் நம் செவிலியர்களுக்காக. நான்காவது பெயர் அக்காவுடையது. கொடுத்தவர் அப்பா ரெமிஜியஸ்.

"நான் பாக்காத வேலைக்கு வாராவாரம் ஜெபம் பண்றாங்கடி" என்றாள் அக்கா. "பாக்கற வேலையப் போடச் சொல்லு. இல்ல, பேரையே எடுத்துடு."

அப்பாவிடம் சொன்னேன்.

"சாணி அள்ளவா அவ்ளோ தூரம் போனான்னு கேப்பாங்க."

"குதிரைக்கு லத்திம்பாங்கப்பா."

"எதுவோ ஒண்ணு!"

[அப்பாவைக் கெட்டவராக்கிவிட்டேனோ என்று சந்தேகம். அக்கா ஒரத்தநாட்டுப் பக்கம் மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தபோது சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். சம்பா பொய்த்து, மாடுகளையும் விற்ற பிறகு ஊரில் அவருக்கு மிச்சமிருந்தது 'நர்ஸோட அப்பா' என்ற பெயர் மட்டும். இதைச் சேர்த்தால் அவர் சரியாகத் தெரிகிறாரா? தெரியவில்லை. சேர்க்கிறேன்.]

5.

பந்தயத்துக்கு மூன்று முடிவுகள் எழுதினேன். அக்காவின் குதிரை முதலாவதாக வருகிறது: பொய். விழுந்து எழுந்து மறுபடி ஓடுகிறது: இதுவும் பொய், ஆனால் உங்களுக்குப் பிடித்திருக்கும். மூன்றாவதுதான் நடந்தது. பாதிக்கு மேல் குதிரை களைத்துவிட்டது; ஓட்டியவர் அதை ஓரமாக நிறுத்திவிட்டார்.

அதற்கு முன்பே பரிசு முடிவாகியிருந்தது. பந்தயத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்தி வருவார்கள். எது மிக நன்றாகப் பராமரிக்கப்பட்டு அழகாகக் கொண்டுவரப்பட்டது என்று பார்த்து, அதைப் பிடித்து வருபவருக்கு ஒரு பரிசு. அத்தனை குதிரைகளில் அக்காவுடையதைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் பாத்திமா மேரி பிடித்து வந்ததை!

இன்று காலை இதுவரை எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அழகான்னா? என்ன பண்ணா?"

"பிடரி மயிரப் பின்னிவிட்டாளாம். பதினேழு பின்னல்."

"உதைக்கலையா?"

"அவகிட்ட உதைக்காதாம்."

"உதைக்காது" என்றார், தான் பார்த்த குதிரையைப் பற்றிச் சொல்வதுபோல. "பண்ணையில, இந்த மாட்ட யாரும் கிட்ட நெருங்க முடியாதும்பாங்க. இவ போய் நின்னா கழுத்த நீட்டும்." பிறகு, "நர்சுன்னு வாசிக்கறப்ப நான் தலையக் குனிஞ்சுக்குவேன். நீ பாத்திருக்க மாட்ட" என்றார்.

பார்த்ததில்லை. ஜெபம் செய்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"நாளைக்குக் கோயில்ல போய்ச் சொல்லட்டுமாப்பா?"

"எத்தன மணிக்குப் போவ?" என்று மட்டும் கேட்டார்.

6.

அப்பா என்னோடு வருவாரா? நான் எழுதினால் வர வைத்துவிடுவேன். அதனால் எழுதவில்லை. அவரை இவ்வளவு நேரம் பார்த்தீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

நாளை, ஞாயிறு: ஆறரைப் பூசைக்கு முன், ஆறு மணிக்கே பங்கு அலுவலகத்துக்குப் போக வேண்டும். செவிலியர் வரிசையில் நான்காவது பெயரை எடுத்துவிட்டு, அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும்: பாத்திமா மேரி, குதிரை பராமரிப்பவர், அயர்லாந்து.