இறங்காத கை

கடையில் வாங்கிய மைக் ஸ்டாண்டின் கை, வந்த மறுநாளே தூங்கி வழிய ஆரம்பித்தது. வாய்க்கு நேரே நிறுத்தினால், ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் மெல்ல மெல்லக் குனிந்து மேஜையில் படுத்துவிடும். வானொலியில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவள் வீட்டிலேயே இந்தக் கூத்து. அவளுக்குப் பொறுக்குமா?

பக்கவாதம் வந்த கணவருக்கு வலக்கை எழவில்லை. நாக்கும் பாதிதான் சொன்னபடி கேட்டது. தினமும் உரக்கப் படித்துப் பதிவு செய்து அனுப்பும்படி, பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொல்லியிருந்தாள். அவரும் படித்தார், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு. ஒரு காலத்தில் செய்தி வாசித்துப் பேர் எடுத்தவர். இப்போது குழறுவதை ஊருக்கே காட்டினாலும் காட்டுவார், பெண்டாட்டிக்குக் காட்ட மாட்டார். அவளிடம் வெறும் சைகைதான். வீம்புக்குக் குறைச்சலே இல்லை. அந்தக் குரலை எதிரே உட்கார்ந்து ஒரு தடவை கேட்டால் போதும் என்று அவள் ஏங்கினாள். கதவு திறக்கவில்லை. சரி, வெளியே இருந்து முடிந்ததைச் செய்வோம் என்று, புதுக் கை ஒன்று செய்ய உட்கார்ந்தாள்.

முதலில் தோள் மூட்டின் நட்டை அசுரத்தனமாக முறுக்கினாள். கை இறங்கவில்லை, அசையவும் இல்லை. பலம் கொடுத்துத் தள்ளினால் வெடுக்கென்று நழுவி, நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது. அவர் முகத்தில் இடித்தால் பல் போச்சு. சின்ன வாஷர்களைக் கழற்றி எறிந்துவிட்டு அகலமான தட்டுகளைப் போட்டாள். தட்டு அகலமானால் கொஞ்சம் முறுக்கினாலே நல்ல பிடிப்பு. பாரமெல்லாம் தோள் மூட்டின் தலையில் விழுவதால் அதற்குப் பெரிய தட்டு, மைக்கைப் பிடிக்கும் மணிக்கட்டு மூட்டுக்குச் சின்னது. தட்டுகளுக்கு நடுவில், வண்டி பிரேக்குக்குப் போடும் பட்டையை வட்டமாக வெட்டி வைத்தாள். கை திரும்பும்போது நட்டும் கூடத் திரும்பாதபடி, போல்ட்டோடு பூட்டிக்கொள்ளும் ஒரு வாஷர். கழலாமலிருக்க, உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. கடைசியில் ஒரு விரலால் தள்ளினாலே கை வழுக்கிக்கொண்டு வந்தது, விட்ட இடத்தில் அப்படியே நின்றது.

வேலை ஓடும்போதே மனசு பழைய ஒலிப்பதிவு அறைக்குப் போய்விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாலிபனாக அவர். இந்தப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த அவள். அங்கேயும் ஓர் இரும்புக் கை. அவர் வாசிக்க உட்கார்ந்தால் இறங்கிவிடும். குரலுக்கு மரியாதை கொடுக்கிறது என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். ஸ்பேனரும் கையுமாக அவள் உள்ளே ஓடுவாள். இரட்டை நட்டு போட்டுப் பார்த்தாள், ஸ்பிரிங் வாஷர் போட்டுப் பார்த்தாள், ம்ஹூம். ‘திருகாணி’ என்று பட்டப்பெயர் கிடைத்ததுதான் மிச்சம். கல்யாணத்துக்குப் பிறகு அவரும் அப்படியே கூப்பிட்டார். படுக்கையில் விழுந்ததிலிருந்து அதுவும் நின்றுபோனது. எவ்வளவு நல்ல நாட்கள் அவை! அந்த இரும்புக் கை ஏன் இறங்கியது என்பது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை.

புதுக் கையை மாட்டிய பிறகு ஒரு குறையும் இல்லை. அதுதான் வருத்தம், அவளைக் கூப்பிட அவருக்குக் காரணமே இல்லாமல் போனது. மூடிய கதவுக்குப் பின்னால் முணுமுணுப்பு மட்டும் கேட்கும்.

ஒரு நாள் காலை, அவசரத்துக்குக் கூப்பிட அவர் பக்கத்தில் வைத்திருந்த மணி உள்ளேயிருந்து அடித்தது. போய்ப் பார்த்தால் மைக் மேஜையில் கிடக்கிறது. அவர் இடக்கையால் அதைச் சுட்டிக் காட்டினார். அவளுக்குச் சுருக்கென்றது.

“இது இறங்க வழியே இல்லையேங்க.”

தோள் மூட்டைத் தடவினாள். நட்டு நன்றாகத் தளர்ந்திருந்தது. ஸ்பேனர் படாமல் அது அசையாது. மாட்டிய நாளிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்த ஸ்பேனரின் காம்பு, அவருடைய போர்வைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அவசரமாக ஜன்னல் பக்கம் பார்த்தார். பாடுபட்டுச் செய்ததை இப்படிப் பண்ணிவிட்டாரே என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்த இரும்புக் கை ஞாபகம் வந்தது. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பவும் நீங்கதானா?”

அவர் வாய் வெகுநேரம் சொல்லைத் தேடியது. எச்சில் வழிந்தது, துடைக்கவில்லை.

“வேற... எப்படி நீ... உள்ள வருவே... திருகாணி?”

ஒவ்வொரு எழுத்தும் தடுக்கி விழுந்துதான் வந்தது. அவளுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை அவர் வாய்க்கு நேரே தூக்கி நிறுத்தினாள்.

“படிங்க. நான் இங்கேயே இருக்கேன்.”

அவர் புத்தகத்தைத் திறந்தார். அவள் நட்டை முறுக்கினாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே. ஸ்பேனரை அவருடைய இடக்கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.